ஜாக்கி போட்டுத் தூக்கிய கதை

வண்டியைத் தூக்குறதுல ரெண்டு வகை இருக்கு மக்களே. ஒண்ணு, பஞ்சர் பார்க்க, பிரேக் மாத்தன்னு கொஞ்ச நேரத்துக்குத் தூக்கிட்டு, வேலை முடிஞ்சதும் இறக்கி வைக்கிறது. இன்னொண்ணு, தூக்கினதைத் தூக்கினபடியே நிரந்தரமா விட்டுடறது. ரெண்டாவது வகை அமெரிக்காவுல ஒரு தனிப் பைத்தியம். நான் குப்பை கொட்டுற ஊர்ல சனிக்கிழமை காலையில ஒரு நடை போய்ட்டு வந்தா, ஏதாவது ஒரு வீட்டு வாசல்ல ஒரு பிக்கப் டிரக் நாலு காலும் அந்தரத்துல நிக்க, அதுக்கடியில ரெண்டு பூட்ஸ் கால் மட்டும் நீட்டிக்கிட்டிருக்கும். தொழிற்சாலையில இருந்து வந்த உயரம் போதாதாம். நாலு அங்குலமோ ஆறு அங்குலமோ ஏத்தணும். அதுக்கான சாமான் எல்லாம் ஒரே பெட்டியில வருது, அதுக்குப் பேர் லிஃப்ட் கிட்.

இந்த ஆசை எங்கிருந்து வந்துச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். அது என்னடான்னா ஜாக்கியோட கதைக்குக் கொண்டுபோய் விட்டுடுச்சு. ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியல, சேர்த்தே சொல்லிடறேன். கொஞ்சம் நீளம், டீ காபி ஏதாவது கையில வச்சுக்குங்க.

முதல்ல ஜாக்கி. ஒரு சின்ன பிஸ்டனை அழுத்தினா பெரிய பிஸ்டன் பெரிய பாரத்தைத் தூக்கும்ங்கிற விதி 17-ம் நூற்றாண்டு பாஸ்கலோடது. அதை வேலைக்கு ஆகுற இயந்திரமாக்கி 1795-ல காப்புரிமை வாங்கினவர் ஜோசப் பிராமா என்கிற ஆங்கிலேயர். இவருக்கு அசல் தொழில் பூட்டு செய்யறது. லண்டன்ல தன் கடை ஜன்னல்ல ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, இதைத் திறக்கிற ஆளுக்கு 200 கினி பரிசுன்னு சவால் விட்டிருந்தார். அறுபது வருஷத்துக்கு அதை யாரும் அசைக்கல. 1851-ல ஹாப்ஸ் என்கிற அமெரிக்கர் வந்து திறந்தார். அதே 1851-ல நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் கையில தூக்கிட்டுப் போற ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே வருஷத்துல பிராமாவோட பூட்டும் திறந்துச்சு, அவரோட அழுத்த இயந்திரமும் அமெரிக்கன் கைக்குள்ள அடங்கிடுச்சு. சரித்திரத்துக்கு நக்கல் ஜாஸ்தி :-)

பிராமாவோட இயந்திரத்துல பெரிய தலைவலியே எண்ணெயோ தண்ணியோ பிஸ்டன் ஓரமா கசியறதுதான். தோலால செஞ்ச கிண்ணம் மாதிரியான ஒரு வாஷரைப் போட்டு அதைச் சரி பண்ணினவர் அவர்கிட்ட வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேன்னு சொல்வாங்க. அழுத்தம் ஏற ஏற அந்தத் தோல் சுவரோட இன்னும் இறுக்கமா ஒட்டிக்கும். இப்ப தோலுக்குப் பதிலா ரப்பர். ஆனா விஷயம் அதேதான்: ரெண்டு டன் வண்டியை மேல நிறுத்தி வச்சிருக்கிறது இரும்பு இல்ல, விரல் தடிமன் கூட இல்லாத ஒரு வளையம். அது பிஞ்சா முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும்தான், தாங்குறதுக்கு இல்லன்னு மெக்கானிக்குங்க சொல்றதுக்குக் காரணம் இதுதான். தாங்குறதுக்கு முட்டு வேணும். நம்மூர்ல சரிஞ்ச சுவருக்கு, ஓட்டுக்கூரை உத்தரத்துக்கு முட்டுக் கொடுப்போமில்லையா, அந்த முட்டுதான். அமெரிக்கக் கடையில அதுக்கு ஜாக் ஸ்டாண்ட்னு பேர்.

இப்ப 1908-க்கு வருவோம். ஃபோர்டு மாடல் டி. 1927 வரைக்கும் 1.5 கோடி வண்டி. அன்னைக்கு அமெரிக்க கிராமத்துல ரோடுன்னு சொல்றதே ஒரு மரியாதைக்குத்தான். மழை பெஞ்சா வண்டிப்பாதை சேறு. மாடல் டி ஒல்லியான உயரமான சக்கரத்துல, தரையில இருந்து சுமார் 10 அங்குலம் தூக்கலா நின்னதால சேத்தைத் தாண்டுச்சு. ஆக, உயரமான வண்டிங்கிறது முதல்ல ஒரு விவசாயியோட தேவை. பந்தாவெல்லாம் அப்புறம் வந்தது.

அந்த விவசாயி வண்டியை என்னென்ன பாடு படுத்தினான்ங்கிறது தனி சுவாரசியம். பின் சக்கரம் ஒண்ணை ஜாக்கி போட்டுத் தூக்கி, அதுல பெல்ட் மாட்டி, மரம் அறுத்தான், சோளம் உதிர்த்தான், துணி துவைக்கிற இயந்திரத்தைக் கூட ஓட்டினான். காரை டிராக்டர் ஆக்குற கிட்டெல்லாம் 1910-களிலேயே வித்தாங்க. மினசோட்டாவில் ஸ்டாட் என்கிற கம்பெனியோட கிட் பிரபலம். பெட்டியில சாமான் வரும், வீட்டுல வச்சு நாமளே மாட்டிக்கலாம். லிஃப்ட் கிட்டோட தாத்தா இதுதான்னு நான் சொல்வேன்.

குளிர்காலத்துல இன்னொரு கூத்து. மாடல் டி-யில கியர் பட்டைகளும் கிளட்ச் தட்டுகளும் எஞ்சின் எண்ணெயிலேயே முங்கிக் கிடக்கும். குளிர்ல எண்ணெய் கெட்டியாயிட்டா தட்டுகள் ஒட்டிக்கும். முன்னால நின்னு கைப்பிடியைச் சுத்தினா, எஞ்சின் பிடிச்ச உடனே வண்டி ஆள் மேலேயே மெதுவா ஏற வரும். அதனால பின் சக்கரம் ஒண்ணைத் தூக்கிட்டு, மத்த சக்கரங்களுக்குக் கட்டை போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணுவாங்க. தூக்கின சக்கரம் சும்மா சுத்தும், வண்டி நகராது. டிஃபரன்ஷியல் செய்யற உபகாரம் அது.

அதே டிஃபரன்ஷியல் இன்னைக்கு ஆபத்தாவும் வருது, கவனிங்க. ஆட்டோமேட்டிக் வண்டியை "பி"-யில போட்டுட்டோம், நகராதுன்னு நினைப்போம். "பி" பூட்டறது சக்கரத்தை இல்ல, கியர்பாக்ஸ்ல இருந்து வெளிய வர்ற தண்டை. பின் சக்கர டிரைவ் வண்டியில ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினா, அந்தரத்துல இருக்கிற சக்கரம் ஒரு பக்கம் சுத்த, தரையில இருக்கிறது எதிர்ப்பக்கம் சுத்தும். தண்டு நகராமலேயே வண்டி உருளும். ரெண்டு பின் சக்கரத்தையும் தூக்கிட்டாலோ "பி"-யும் வேலைக்கு ஆகாது, ஹேண்ட் பிரேக்கும் ஆகாது. ரெண்டுமே பின்னாடிதான் பிடிக்குது, தரையில இருக்கிற முன் சக்கரம் ரெண்டும் சுதந்திரம். நம்மூர் மலைப்பாதையில லாரி நின்ன உடனே கிளீனர் குதிச்சு ஓடிப்போய் கட்டை வைக்கிறானே, அவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனா செய்யறது நூத்துக்கு நூறு சரி.

1905-ல இண்டியானா மாநிலத்துல புளூம்ஃபீல்டில் ஹாரா குடும்பம் ஒரு ஜாக்கி செய்ய ஆரம்பிச்சது. ஓட்டை போட்ட ஒரு நீள இரும்புக் கம்பத்துல, ரெண்டு ஆணி மாத்தி மாத்தி ஏணி ஏறுற மாதிரி ஏறும். வேலிக்கால் பிடுங்க, வண்டி தூக்க, எல்லாத்துக்கும் ஒரே கருவி. ஹை-லிஃப்ட்னு பேர் வாங்கின இந்த ஜாக்கி இன்னைக்கும் ஜீப்புக்காரங்க முதுகுல தொங்குது. எண்ணெய் இல்லை, ரப்பர் இல்லை, கசிவு இல்லை. ஆனா அடி குறுகல், உயரம் ஜாஸ்தி, லேசா சாய்ஞ்சாலும் போச்சு. இறக்கும்போது கைப்பிடி கைநழுவினா அது மேலும் கீழுமா வெறிபிடிச்சு அடிக்கும், தாடை போயிடும். சேத்துல மாட்டின வண்டியை மீட்க நல்ல கருவி. அதை நம்பி வண்டிக்கடியில தலையைக் கொடுக்கிறவனை என்ன சொல்றது?

பட்டறைகாரங்க வேற வழி தேடினாங்க. முதல்ல குழி. தரையில பள்ளம் வெட்டி அதுல இறங்கி நின்னு வேலை பார்த்தாங்க. பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம். குழியில வந்து தங்கும், ஒரு பொறி போதும். 1925-ல மெம்ஃபிஸ் ஊர்க்காரர் பீட்டர் லுனாட்டி, வண்டியையே மொத்தமா மேல தூக்குற ஹைட்ராலிக் லிஃப்டுக்குக் காப்புரிமை எடுத்தார். சலூன் நாற்காலியைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததாச் சொல்வாங்க. அதுக்கப்புறம் பட்டறை மெக்கானிக் நிமிர்ந்து நின்னு வேலை பார்த்தான். வீட்டுல வேலை பார்க்கிறவன் மட்டும் மல்லாக்கப் படுத்தே கிடந்தான். ஆபத்து பட்டறையை விட்டு வீட்டு வாசலுக்குக் குடி வந்தது இப்படித்தான்.

டிரக் உயர்ந்த கதை ரெண்டாம் உலகப்போரோட ஒட்டினது. ஜீப்பும் ராணுவ டிரக்கும் ஓட்டின பசங்க ஊர் திரும்பினாங்க. நாலு சக்கர டிரைவ்னா என்ன, அதைக் கழட்டி மாட்டுறது எப்படின்னு சர்க்கார் செலவுலயே படிச்சிருந்தாங்க. 1945-ல வில்லிஸ் சிவிலியன் ஜீப், 1946-ல டாட்ஜ் பவர் வேகன். மினியாபோலிஸ்ல நேப்கோ என்கிற கம்பெனி, சாதா பிக்கப்பை நாலு சக்கர டிரைவ் ஆக்குற கிட்டை 1950-களில் வித்தது. 1957-ல ஷெவர்லே தன் தொழிற்சாலையிலேயே நேப்கோ சாமானைப் போட ஆரம்பிச்சது. 1959-ல ஃபோர்டு சொந்தமாவே செஞ்சது. முன்னாடியும் ஆக்சில், டிஃபரன்ஷியல் எல்லாம் வந்ததால இந்த வண்டிகள் தன்னாலேயே தூக்கலா நின்னுச்சு. ஆக, உயரமா நின்னா அது கில்லாடி வண்டின்னு கண்ணு பழகிடுச்சு.

ஒரு சந்தேகம் பலருக்கு உண்டு: ஸ்பிரிங்கை உயர்த்தினா அடியில இடைவெளி கூடுமா? பாடிக்குக் கூடும், ஆக்சிலுக்குக் கூடாது. வண்டியோட அடிவயித்துல தாழ்ந்து கிடக்கிறது ஆக்சில் நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியல் குண்டு. அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். 31 அங்குல டயருக்குப் பதிலா 35 போட்டா ஆக்சில் 2 அங்குலம் ஏறும், அவ்வளவுதான். அந்த 35 அங்குல டயர் மட்கார்டுல உரசாம இருக்கத்தான் மத்த லிஃப்ட் வேலையெல்லாம். கூடவே ஒரு இனாம்: ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். 60-னு காட்டும்போது நிஜத்துல 68 கிட்ட போய்க்கிட்டிருப்பீங்க.

1974-ல செயின்ட் லூயிஸ் பக்கத்துல ஒரு ஆள். பேர் பாப் சாண்ட்லர். ஃபோர்டு எஃப்-250 ஒண்ணு வாங்கினார். காடு மேடெல்லாம் ஓட்டுவார், உடைப்பார். உதிரி பாகம் கிடைக்காததால தானே மனைவியோடயும் நண்பரோடயும் சேர்ந்து கடை போட்டார். உடைஞ்சதுக்குப் பதிலா இன்னும் பெருசா மாட்டுவார்; அது பெருசானா அடுத்தது உடையும். ராணுவ ஆக்சில், 48 அங்குல டயர்னு போய்க்கிட்டே இருந்துச்சு. ஆக்சிலரேட்டர்ல காலை அழுத்தி மிதிக்கிறதால நண்பர்கள் வச்ச பேர் பிக்ஃபுட். 1981-ல ஒரு வயல்வெளியில ரெண்டு ஓட்டைக் காரை நிறுத்தி மேல ஏத்திப் பார்த்தார், சும்மா ஒரு விளையாட்டுக்கு. அந்த வீடியோவைப் பார்த்துட்டு ஷோ நடத்தச் சொல்லிக் கூப்பிட்டாங்க. மான்ஸ்டர் டிரக் பிறந்தது அப்படி. ஸ்டேடியத்துல அதைப் பார்த்துட்டு வீடு திரும்பின ஒவ்வொரு பையனும் அப்பாவோட டிரக்கை ஏற இறங்கப் பார்த்திருப்பான்.

சாண்ட்லர் ஆக்சில், பிரேக், ஸ்டீயரிங் எல்லாத்தையும் சேர்த்தே மாத்தினார். வீட்டுல பார்க்கிறவன் உயரத்தை மட்டும் மாத்தினான். வித்தியாசம் அங்கதான். கையில காசு கம்மியா? ஆக்சிலுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவுல ஒரு கட்டை. (லாரிக்கடியில அடுக்கு அடுக்கா வளைஞ்ச பட்டை இருக்குமே, அதுதான் லீஃப் ஸ்பிரிங்.) பின்னாடி ஒரு அளவு வரைக்கும் கட்டை பரவாயில்ல. முன்னாடி வச்சா, பிரேக் அடிக்கும்போது ஆக்சில் முறுக்கும், கட்டை பிதுங்கும், அப்புறம் ஸ்டீயரிங் யார் கையில? சில மாநிலங்கள் முன் ஆக்சில்ல கட்டையே கூடாதுன்னு சட்டமே போட்டிருக்கு. கட்டை மேல கட்டை அடுக்குறது அதை விட மோசம். அந்த யூ போல்ட் இருக்கே, ஒரு தடவை இறுக்கினா நீண்டுடும், கழட்டினா திரும்ப மாட்டக் கூடாது, புதுசுதான் போடணும். மாட்டிட்டு ஒரு சில நூறு மைல் ஓட்டின பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்கணும். பிரேக் ஹோஸ் நீளம் பத்துதான்னு ஆக்சில் முழுக்கத் தொங்கும்போது பார்க்கணும். இது எதுவும் வெளிய தெரியாது. அண்ணாந்து பார்க்கிறவனுக்குத் தெரியறது உயரம் மட்டும்தான்.

எங்க தெருவுல ஓய்வுபெற்ற மெக்கானிக் பெரியவர் ஒருத்தர் இருக்கார். அவர் வேலை செய்யற முறையைப் பார்க்கிறதே ஒரு தியானம். சமதளமான கான்கிரீட், தரையில நிக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, சேஸிஸ்ல ரெண்டு ஸ்டாண்ட். ஸ்டாண்ட் மேல இறக்கின பிறகு, கீழ போகாம வெளியில நின்னே வண்டியை நல்லா ஒரு உலுக்கு. விழறதுன்னா இப்பவே விழட்டும்ங்கிறார். கழட்டின சக்கரத்தைச் சும்மா ஓரமா சாய்ச்சு வைக்க மாட்டார், சேஸிஸுக்கடியில படுக்க வச்சிடுவார். எல்லாம் கைவிட்டாலும் டயர் தடிமன் அளவுக்கு இடம் மிஞ்சும். "ஹாலோ பிளாக் வைக்கலாமா?"ன்னு ஒரு நாள் கேட்டேன். ஒரு பழைய பிளாக்கை எடுத்துப் படுக்க வச்சு, சுத்தியலால ஒரு தட்டு. பொலபொலன்னு உதிர்ந்துச்சு. சுவர்ல அது பாரத்தைப் பரவலா வாங்கும், ஆக்சில் முனை மாதிரி ஒரே புள்ளியில வாங்காது. அதுலயும் இரும்பு மாதிரி வளைஞ்சு எச்சரிக்கை தராது. முழுசா இருக்கும், அடுத்த நொடி இருக்காது.

சரி, கீழ படுக்கிறவன் கதை இது. எதிர்ல வர்றவன் கதை ஒண்ணு இருக்கு. 1970-களில் இருந்து அமெரிக்கக் கார்களோட பம்பர் தரையில இருந்து 16-க்கும் 20-க்கும் இடைப்பட்ட அங்குலத்துல அடி தாங்கணும்னு மத்திய அரசு விதி. கார் கார் மேல மோதினா பம்பர் பம்பரோட மோதட்டும்னு எண்ணம். ஆனா விதி கார்களுக்கு மட்டும், டிரக்குக்கு இல்ல. ஏற்கனவே உயரமான டிரக்கை இன்னும் உயர்த்தினா, மோதும்போது அதோட பம்பர் காரோட பம்பரைத் தாண்டி நேரா கதவுக்கோ கண்ணாடிக்கோ வரும். பல மாநிலங்கள் பம்பர் உயரத்துக்கு வரம்பு வச்சது இதுக்காகத்தான். மாநிலத்துக்கு மாநிலம் அங்குலம் வேற, எல்லை தாண்டினா சட்டம் மாறும்.

ஓட்டுறவனுக்கும் கணக்கு இருக்கு. வண்டி கவிழுமான்னு பார்க்க எளிய சூத்திரம்: ரெண்டு சக்கரத்துக்கு இடையிலான அகலத்தை, ஈர்ப்பு மையத்தோட உயரத்தைப் போல ரெண்டு மடங்கால வகுக்கணும். உதாரணத்துக்கு அகலம் 68 அங்குலம், மையம் 28 அங்குலம்னா 1.21. லிஃப்ட் போட்டு மையம் 31 ஆனா 1.10. மூணே அங்குலத்துல ஒரு கார் மாதிரி நிக்கிற வண்டி ஸ்டூல் மாதிரி ஆயிடுது. 2012 மாடல்ல இருந்து எல்லா சாதாரண வண்டியிலும் சறுக்கலைத் தடுக்கிற மின்னணுக் கட்டுப்பாடு கட்டாயம். அது தொழிற்சாலை உயரத்தை வச்சுக் கணக்குப் போட்டது. நாம உயரத்தை மாத்தினது அதுக்குத் தெரியாது. இதனால நல்ல கிட் கம்பெனிகள் தங்கள் கிட் போட்ட வண்டியை அந்த விதிப்படி ஓட்டிச் சோதிச்சு, அதைச் சொல்லியே விக்கிறாங்க.

இதுல லேட்டஸ்ட் கோமாளித்தனம் கரோலைனா ஸ்க்வாட். முன்பக்கத்தை மட்டும் தூக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தி, தவளை உட்கார்ந்த மாதிரி ஓட்டுறது. பாஹா பாலைவனப் பந்தய வண்டிகளைப் பார்த்து வந்த பாணி. அங்க அதுக்கு அர்த்தம் இருந்துச்சு, ஊர் ரோட்டுல இல்ல. ஓட்டுறவன் கண்ணுக்கு பானெட்டும் வானமும்தான் தெரியும், முன்னால குறுக்க வர்ற குழந்தை தெரியாது. ராத்திரியில ஹெட்லைட் மரக்கிளையைத் தேடும். வட கரோலைனா 2021 டிசம்பர்ல இருந்து, முன் மட்கார்டு பின்னதை விட 4 அங்குலமோ அதுக்கு மேலயோ உயர்ந்திருக்கக் கூடாதுன்னு தடை போட்டது. 2022-ல வர்ஜீனியா, 2023-ல தென் கரோலைனா. நான் சட்டத்துக்கு அவ்வளவா வக்காலத்து வாங்குற ஆள் இல்ல, ஆனா இந்தச் சட்டத்துக்கு ரெண்டு கையும் தூக்குவேன்.

கடைசியா முட்டு விஷயம். ஜாக்கியை நம்பாதே, ஸ்டாண்டை நம்புன்னு மேல சொன்னேன் இல்லையா, 2020-ல அந்த ஸ்டாண்டே காலை வாரிடுச்சு. ஹார்பர் ஃபிரெய்ட் என்கிற பெரிய கருவிக்கடைச் சங்கிலி, பிட்ஸ்பர்க்ங்கிற பேர்ல வித்த 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெறுறதா 2020 மார்ச்சில் அறிவிச்சது. மொத்தம் சுமார் 17 லட்சம் ஸ்டாண்ட். தூண்ல வரிசையா பல் இருக்கும், அதுல ஒரு கொக்கி வந்து மாட்டும். வார்ப்பு அச்சு தேய்ஞ்சு போனதால சிலதுல கொக்கி பல்லுல சரியா உட்காரல. பாரத்தோட இருக்கும்போது லேசா அசைஞ்சா நழுவி இறங்கிடலாம். மக்கள் கொண்டுபோய்க் கொடுத்துட்டு மாத்து வாங்கினாங்க. அதே வருஷம் ஜூலையில, மாத்தா வாங்கின 3 டன் ஸ்டாண்ட் சிலதுலயும் வெல்டிங் கோளாறுன்னு அதையும் திரும்பக் கேட்டாங்க. கடை முதலாளி எரிக் ஸ்மிட் வெளிப்படையா மன்னிப்புக் கேட்டார்.

கேட்டதெல்லாம் திரும்பி வந்துடாது. கராஜ் சேல்ல அஞ்சு டாலருக்கு ஒரு ஜோடி கிடைக்குதேன்னு யாராவது தூக்கிட்டு வந்திருந்தா, ஸ்டாண்ட் மேல ஒட்டியிருக்கிற மஞ்சள், கறுப்பு லேபிளைப் பாருங்க. பொருள் எண் 61196, 61197, 56371-ன்னு இருந்தா வண்டிக்கடியில வைக்காதீங்க.